மச்சு வீட்டுப் பனியும் கீற்று வீட்டுப் பனியும்: தஞ்சையின் குளிர்காலம் பற்றி ஒரு வரலாற்றுக் குறிப்பு

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்று ஒரு சொலவடை உண்டு. காவிரிப் படுகையில் இதைச் சொல்லாத கிழவி கிடையாது. சின்ன வயதிலிருந்து கேட்டு வந்ததால் இதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. பிறகு ஒருநாள்தான் உறைத்தது. மாசிப் பனி துளைக்க வேண்டுமென்றால் முதலில் வீட்டுக்கு ஒரு மச்சு இருக்க வேண்டும். அது இல்லாதவன் வீட்டில் பனி எதைத் துளைக்கும்?

குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருப்பது எப்படி என்று கேட்டால் தஞ்சாவூர்க்காரர்களுக்குச் சட்டென்று ஒரு படம் மனசில் வரும். வெளியே அடைமழை. உள்ளே சூடாக மிளகு ரசம், சுட்ட அப்பளம், கையில் ஒரு நாவல். ராத்திரிக்குத் தொலைக்காட்சியில் ஏதாவது பழைய படம். அழகான படம்தான், பொய்யும் இல்லை. ஆனால் அந்தப் படத்தில் உள்ள கூரை, சோறு, புத்தகம், சினிமா ஒவ்வொன்றும் எந்தத் தெருவுக்கு எப்போது வந்தது என்று ஆண்டு போட்டுப் பார்த்தால் இந்தப் படுகையின் நூறு வருஷக் கதை அதில் கிடைக்கிறது.

முதலில் இங்கே குளிர்காலம் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடலாம். டெல்லிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். தஞ்சாவூரில் ராத்திரி வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. எங்கள் குளிர் தண்ணீரால் வருவது. ஐப்பசியும் கார்த்திகையும் மழை, மார்கழியும் தையும் பனி. பழந்தமிழ்க் கணக்கில் முன்னதற்குக் கூதிர் என்று பெயர், பின்னது முன்பனி. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இந்த வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது. சுவரில் ஓதம் ஏறும், துணி காயாது, விறகு நமுத்துப்போகும், வறட்டி ஊறிவிடும். வெளியே வயலில் சம்பா நின்றுகொண்டிருக்கும். ஆடி ஆவணியில் விதைத்தது, தையில்தான் அறுப்பு. அதாவது படுகையின் குளிர்காலம் என்பது நெல்லுக்கும் சோற்றுக்கும் நடுவில் உள்ள காத்திருப்பு.

தமிழில் இந்தக் காலத்தைப் பற்றிய மிகப் பெரிய புத்தகம் நெடுநல்வாடை. நக்கீரர் பாடியது. பாண்டியன் அரண்மனையைப் பற்றியது என்றாலும் அது அச்சுக்குப் போனது காவிரிக் கரையிலிருந்துதான். உ.வே. சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்தார். அங்கே வேலை பார்த்தபடியேதான் ஏடுகளை ஒப்பிட்டு 1889ல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தார். அந்தப் பத்தில் ஒன்று நெடுநல்வாடை. கும்பகோணத்தின் எத்தனை மழை இரவுகள் அந்த வேலைக்குப் போயிருக்கும் என்று நினைத்துக்கொள்வதுண்டு.

அந்தப் பாட்டின் அமைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். வீட்டுக்குள் நடப்பதெல்லாம் அதில் இருக்கிறது. சன்னலைச் சாத்துகிறார்கள். விசிறி சும்மா தொங்குகிறது. குளிர்ந்த தண்ணீரை யாரும் தொடுவதில்லை. தடவில் நெருப்பு மூட்டிச் சுற்றி உட்காருகிறார்கள். இன்றைக்குக் கம்பளிக்குள் சுருண்டு படுத்துப் படம் பார்க்கிறவனும் செய்வது கிட்டத்தட்ட இதைத்தான். ஆனால் பாட்டு வீட்டில் தொடங்கவில்லை. வெள்ளத்துக்குத் தப்பி மாடுகளை வேறு நிலத்துக்கு ஓட்டிக்கொண்டு போய், நனைந்து நடுங்கி, கூட்டமாக நெருப்பில் கை காய்ச்சும் இடையர்களிடம்தான் தொடங்குகிறது. முதலில் வெளியே இருப்பவன், அப்புறம்தான் உள்ளே. நக்கீரருக்கு இந்த வரிசை தெரிந்திருந்தது. நாம்தான் நடுவில் மறந்துவிட்டோம்.

சரி, வெளியே இருந்தவர்களின் கணக்குக்கு வருவோம்.

பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டிய கல்வெட்டுகளில், கோயிலுக்கு வரி கொடுக்க வேண்டிய ஊர்களின் நிலத்தைக் கணக்கிடும்போது வரியிலிருந்து கழித்துவிடும் இடங்களின் பட்டியல் வரும். ஊர் நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு, கூடவே கம்மாணசேரி, பறைச்சேரி. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே சேரி தனி. கல்வெட்டு அங்கே குடியிருந்தவர்களின் வீடு யாருக்குச் சொந்தம் என்று சொல்வதில்லை. ஆனால் வெள்ளைக்காரன் காலத்து ஆவணங்களுக்கு வரும்போது விஷயம் தெளிவாகிவிடுகிறது. பண்ணையாளின் குடிசை நிற்கும் மண் மிராசுதாருக்குச் சொந்தம். அவர் கோபித்துக்கொண்டால் அன்றைக்கே காலி செய்ய வேண்டும். குடிசையின் மேல் போடும் வைக்கோலும் பெரும்பாலும் அவர் போரிலிருந்து வர வேண்டும். கூரை மாற்றாமல் ஐப்பசி வந்துவிட்டால் உள்ளேயும் மழைதான்.

மிராசுதார் வீட்டில் அதே ஐப்பசி வேறு மாதிரி. திண்ணை, ரேழி, முற்றம், கூடம். முற்றத்தில் மழை விழுவதை ஊஞ்சலில் உட்கார்ந்து பார்க்கலாம். கூடத்தின் ஓரத்தில் பத்தாயம், அதில் போன வருஷத்து நெல். குளிர்காலச் சுகம் முழுக்க அந்தப் பத்தாயத்துக்குள் இருந்தது என்று சொன்னால் தப்பில்லை. ஆருத்ராவுக்குத் திருவாதிரைக் களியும் ஏழுகறிக் கூட்டும், மார்கழி விடியலில் வெண்பொங்கல், மழை நாளில் தவலை அடை, பருப்புத் துவையல், வத்தக்குழம்பு. இவற்றுக்கெல்லாம் அடிப்படை, கார்த்திகையில் அரிசி கையில் இருப்பது.

நெல் விளைவித்தவன் வீட்டில் கார்த்திகையில் அரிசி இருக்காது. இதுதான் படுகையின் வேடிக்கை. ஐப்பசியில் தாளடி நடவு முடியும், கார்த்திகையில் கொஞ்சம் களை எடுப்பு, அப்புறம் தை அறுப்பு வரை சொல்லிக்கொள்ளும்படி வேலை இல்லை. வேலை இல்லையென்றால் கூலி நெல்லும் இல்லை. பண்ணையில் கடன் வாங்கிக் குடித்துவிட்டு அறுப்பில் கழிப்பார்கள். கழித்தது போக மிஞ்சியதில் அடுத்த கார்த்திகை வரை தாங்காது. "தை பிறந்தா வழி பிறக்கும்" என்று இன்று வாழ்த்து அட்டையில் போடுகிறோம். அந்த வாக்கியத்தை முதலில் சொன்னவன் மார்கழியில் பசித்தவன் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்த வீடுகளிலும் குளிருக்கென்று சாப்பாடு இருந்தது. வாய்க்காலிலும் வரப்பிலும் பிடித்த வயல் நண்டை அம்மியில் நசுக்கி வைக்கும் ரசம், நத்தை, மடையில் விழுந்த கெளுத்தியும் குறவையும், குருணைக் கஞ்சி, மரவள்ளிக் கிழங்கு. அறுப்பு முடிந்ததும் எலி வளையைத் தோண்டி அது சேர்த்து வைத்த கதிரை எடுத்துக்கொள்வார்கள். எலிக்குக்கூட ஒரு பத்தாயம் இருந்தது. சளிக்கு நண்டு ரசம் போல வராது என்று இப்போது எல்லாச் சாதிக்காரர்களும் சொல்கிறார்கள், ஓட்டல்களில் கிண்ணத்தில் ஊற்றி நல்ல விலைக்கும் விற்கிறார்கள். கோணிச் சாக்கைக் கொங்காணியாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, முழங்கால் சேற்றில் நின்று அந்த நண்டைப் பிடித்த கை எது என்பது கிண்ணத்தில் எழுதியிருக்காது.

அடுத்தது புத்தகம்.

மழைக்காலத்தில் வீட்டில் உட்கார்ந்து நாவல் படிக்கும் பழக்கத்தைத் தமிழ்நாட்டுக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் மன்னார்குடி பக்கத்து வடுவூர்க்காரர் ஒருவர் முக்கியமானவர். வடுவூர் கே. துரைசாமி ஐயங்கார். துப்பறியும் கதையும் குடும்பக் கதையும் கலந்து அவர் எழுதித் தள்ளிய நாவல்கள் அக்கிரகாரத்துக் கூடங்களில் கை மாறி மாறிக் கிழிந்தன. அவருடைய 'மேனகா' 1935ல் ராஜா சாண்டோ இயக்கத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் நடித்துப் படமானது. 'திகம்பர சாமியார்' 1950ல் மாடர்ன் தியேட்டர்ஸ் படமாக வந்தது, எம்.என். நம்பியார்தான் கதாநாயகன். படுகையின் ஒரு சிற்றூரில் இருந்து கிளம்பிய கதை நாவலாகி, சினிமாவாகி, படுகைக்கே திரும்பி வந்தது. அதற்குப் பிந்திய கும்பகோணத்து இலக்கியக்காரர்கள், கு.ப.ரா., தி. ஜானகிராமன், எம்.வி. வெங்கட்ராம் எல்லோரும் வேறு தரம். ஆனாலும் அவர்களுடைய கதைகள் பெரும்பாலும் திண்ணை உள்ள வீடுகளுக்குள் நடப்பவை.

சேரிக்கும் குடியானவர் தெருவுக்கும் புத்தகம் போன வழி வேறு. குஜிலிக் கடைப் 'பெரிய எழுத்து'ப் புத்தகங்கள் ஒன்று. சிம்னி விளக்கில் தட்டுத் தடுமாறி எழுத்துக்கூட்டுகிறவனுக்காகவே பெரிதாக அச்சிட்டவை. ஒருவர் ராகம் போட்டுப் படிக்க, பத்துப் பேர் கேட்பார்கள். நல்லதங்காள் கதைக்குப் பெண்கள் அழுவார்கள். பஞ்சத்தில் பிள்ளைகளைக் கிணற்றில் தள்ளும் ஒருத்தியின் கதை, கார்த்திகைப் பசியில் கேட்கிறவர்களுக்குக் கதையாக மட்டும் இருந்திருக்காது.

இன்னொரு வழி மாட்டு வண்டி. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்து, 1928ல் சென்னை நூலகச் சங்கத்தைத் தொடங்கக் காரணமானவர். புத்தகம் இருக்கும் இடத்துக்கு ஆள் வரக் காத்திருக்கக் கூடாது, ஆள் இருக்கும் இடத்துக்குப் புத்தகம் போக வேண்டும் என்பது அவர் எண்ணம். அதைச் செய்து காட்டியவர் மன்னார்குடியைச் சேர்ந்த பொறியாளர் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை. 1931 அக்டோபர் 21 அன்று மேலவாசலில் இருந்து மாடு பூட்டிய நூலக வண்டி ஒன்று கிளம்பியது. இந்தியாவின் முதல் நடமாடும் நூலகம் என்று அதைச் சொல்கிறார்கள். தேதியைப் பாருங்கள். ஐப்பசி முதல் வாரம். மன்னார்குடிக் களிமண் சாலை அந்த மாதத்தில் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் அந்த வண்டியின் அருமை தெரியும். சக்கரம் அச்சு வரை புதையும். மழைக்காலம் முடியட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. ரங்கநாதனின் நூலகவியல் ஐந்து விதிகள் புத்தகமாக வந்ததும் அதே 1931தான். 1948ல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது, இந்திய மாகாணங்களில் முதலாவதாக. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்கிக் கிளை நூலகங்கள் வந்தன. 2006க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிக்கு ஒன்று என்று கட்டினார்கள். அவற்றில் சில பூட்டிக் கிடக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். வண்டி போன சேற்றைவிட அந்தப் பூட்டு கடினம்.

சினிமாவுக்கும் மழைக்கும் ஆகவே ஆகாது. கொட்டகை என்றால் அன்று கூடாரம், கீழே மணல். வெயில் காலத்தில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்க்கும் டூரிங் டாக்கீஸில் மழை பிடித்துக்கொண்டால் ஆட்டம் ரத்து. மணல் காய்ந்து பனி விழத் தொடங்கிய பிறகு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வரப்போடு நடந்து போய் இரண்டாவது ஆட்டம் பார்ப்பார்கள். வீட்டுக்குள் வந்தது முதலில் ஒலிதான். திருச்சி வானொலி 1939ல் தொடங்கியது. அதற்குப் பிறகு இலங்கை வானொலி. கடலுக்கு அந்தப் பக்கமிருந்து வந்த சினிமாப் பாட்டு வேதாரண்யம், நாகப்பட்டினம் கரைகளில் உள்ளூர் நிலையம் மாதிரி கேட்டது. 1982ல் ரூபவாகினி வந்ததும் மூங்கில் நுனியில் ஆண்டெனா கட்டி இலங்கையின் பக்கம் திருப்பி வைத்தார்கள். தொலைக்காட்சிப் பெட்டி உள்ள வீட்டு வாசலில் ஊரே நிற்கும். உள்ளே யார் உட்காரலாம், யார் சன்னல் வழியாகப் பார்க்க வேண்டும் என்பதற்குச் சட்டம் எழுதி வைக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 2006ல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியபோது நகரத்துக்காரர்கள் கேலி செய்தார்கள். சன்னலுக்கு வெளியே நின்று படம் பார்த்தவர்கள் கேலி செய்யவில்லை.

நடுவில் ஒன்றைத் தாண்டி வந்துவிட்டேன். அதைச் சொல்லாமல் தஞ்சையின் குளிர்காலம் பற்றி எழுதக் கூடாது.

1934ல் மேட்டூர் அணை திறந்த பிறகு ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை தண்ணீர் என்று ஒரு கணக்கு வந்தது. விளைச்சலுக்கு உறுதி வந்தது, ஆனால் கூலிக்கு வரவில்லை. நாற்பதுகளில் கம்யூனிஸ்ட் கட்சியும் விவசாயிகள் சங்கமும் சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராக ஆட்களைத் திரட்டின. 1952ல் ராஜாஜி அரசு தஞ்சை சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தை அவசரமாகக் கொண்டுவந்தது. குத்தகைக்காரருக்கு விளைச்சலில் 40 சதவீதம் என்றது, பண்ணையாளை நினைத்தபடி விரட்டக் கூடாது என்றது. அந்த வருஷமே நவம்பர் 30ல் நாகப்பட்டினத்தில் புயல் கரை கடந்தது. சட்டம் வெளியேற்றக் கூடாது என்று சொன்ன குடிசைகளைக் காற்று வெளியேற்றியது.

பிறகு 1968. டிசம்பர் 25, மார்கழி மாதத்து இரவு. கீழவெண்மணியில் கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டவர்களின் தெருவுக்குள் நிலக்கிழார்களின் ஆட்கள் துப்பாக்கியோடு நுழைந்தார்கள். ஓட முடிந்தவர்கள் ஓடினார்கள். பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் ஒரு சிறு குடிசைக்குள் ஒளிந்துகொண்டார்கள். அதைப் பூட்டித் தீ வைத்தார்கள். 44 பேர். குளிருக்கு நெருப்பும் ஆபத்துக்கு வீடும் மனிதனின் மிகப் பழைய ஆறுதல்கள். அன்றைக்கு இரண்டுமே கொன்றன. 1973ல் உயர் நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுதலை செய்தது.

இந்தச் சம்பவம் புத்தகமும் ஆனது, படமும் ஆனது. இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1977ல் சாகித்ய அகாதமி பரிசு பெற்றது. நிலக்கிழாரின் ஆண்மைக் குறையை முன்னால் வைத்து வர்க்கப் பிரச்சினையைப் பின்னால் தள்ளிவிட்டார் என்று இடதுசாரிகள் அதைக் கடுமையாக விமர்சித்தார்கள். அதை வைத்து ஸ்ரீதர் ராஜன் 1983ல் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' எடுத்தார், முதல் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. சோலை சுந்தரபெருமாள் 'செந்நெல்' எழுதினார். திண்ணை வீட்டுக் கதைகளோடு குடிசையின் கதையும் படுகையின் அலமாரியில் சேர்ந்தது இப்படித்தான்.

அலமாரியைவிட முக்கியமானது 1971ல் வந்த குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம். மிராசுதார் மண்ணில் குடிசை போட்டிருந்தவனுக்கு அந்த மனையையே சொந்தமாக்கியது. இலக்கியப் பத்திரிகைகளில் இந்தச் சட்டத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆனால் குளிர்காலத்தின் வரலாற்றில் நெடுநல்வாடைக்கு அடுத்த முக்கியமான ஆவணம் இதுதான் என்பேன். மனை கையில் இருந்தால்தான் சுவர் எழுப்பத் தோன்றும், பெட்டியில் புத்தகம் வைக்கத் தோன்றும். கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் 1981ல் தொடங்கிய லாப்டி இயக்கம் நிலம் வாங்கிப் பெண்கள் பெயரில் எழுதி வைத்தது. 2010ல் குடிசைகளைக் காங்கிரீட் வீடாக்கும் திட்டம் வந்தது. ரேஷன் அரிசி 2006ல் கிலோ 2 ரூபாய், 2008ல் 1 ரூபாய், 2011 ஜூனில் இலவசம் என்று ஆனது. கார்த்திகையில் மாதம் 20 கிலோ அரிசி வீட்டில் இருக்கும் என்பது ஆயிரம் வருஷத்தில் அந்தத் தெருக்களுக்குப் புதிது. இலவச அரிசியால் ஆட்கள் சோம்பேறிகள் ஆகிவிட்டார்கள் என்று டீக்கடையில் பேசுகிறார்கள். மழை நாளில் வீட்டில் இருந்தால் ஒருவனுக்கு அது ஓய்வு, இன்னொருவனுக்குச் சோம்பல். அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பார்க்கலாம்.

கதை இங்கே சுபமாக முடிந்தது என்று சொல்ல முடியவில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையேறியது. தென்னை சாய்ந்தது, ஓடு பறந்தது, கீற்று பறந்தது. பல வாரங்கள் மின்சாரம் இல்லை. பள்ளிக்கூடத்திலும் கல்யாண மண்டபத்திலும் படுத்து, பெரிய அண்டாவில் காய்ச்சிய கஞ்சியை வரிசையில் நின்று வாங்கினார்கள். ஊர்த் தெருவும் காலனித் தெருவும் ஒரே முகாமுக்கு வருவதா என்பதிலேயே சில இடங்களில் தகராறு. புயல் எல்லோர் கூரையையும் எடுத்தது, தெருக்களுக்கு நடுவில் இருந்த கோட்டை எடுக்கவில்லை.

இருந்தாலும் இன்றைக்கு ஒரு மார்கழி ராத்திரியில், படுகையின் ஏதோ ஒரு காலனி வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பெண் செல்பேசியில் பழைய படம் பார்த்துக்கொண்டிருப்பாள். அடுப்பில் நண்டு ரசம் கொதிக்கும். பையன் நூலகத்தில் எடுத்த புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க நாளாகிவிட்டது என்று முனகுவான். "மழ விடட்டும்டா, நாளைக்குக் குடுத்துக்கலாம்" என்பாள். இது பெரிய விஷயமே இல்லை. பெரிய விஷயமே இல்லை என்று ஆவதற்குத்தான் இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

நக்கீரரின் இடையர்கள் இன்னும் வெளியேதான் நிற்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பாட்டில் வீடு கிடையாது. அதன் பிறகு எழுதப்பட்டதில், அவர்களுக்கு ஒரு கதவு வைத்துக் கொடுத்த பக்கங்களையும் நெடுநல்வாடைக்குப் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். அது சட்டப் புத்தகமாக இருந்தாலும் சரி.